பேர் கேட்ட மெஷின்

தோட்டத்தின் பேர் வேண்டாம். மஸ்கெலியாவில் பஸ் ஏறினால் வரும் ஏதோ ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரால் வந்த வம்புதான் இந்தக் கதை முழுக்க. அதில் இன்னொரு பேரையும் எதற்கு இழுத்துவிட வேண்டும்?

அந்தத் தோட்டத்தை நடத்தும் கம்பெனிக்கு வருசத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். போன வருசம் யோகா. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பொம்பளைகளை வரிசையாக நிற்க வைத்து, மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொன்னார்கள். கூடையோடு மலை இறங்கி வந்தவர்கள் அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சி மகத்தான வெற்றி என்று கொழும்புக்கு அறிக்கை போனது. இந்த வருசம் நேர்மை. 'நேர்மையே எமது தளிர்' என்று, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெனர் கட்டினார்கள். கட்டிய கையோடு தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவில் இருந்த காப்பி மெஷின் காணாமல் போய்விட்டது.

தேயிலைத் தோட்டத்துத் துரைக்குக் காப்பி மெஷின் எதற்கு என்று கேட்கப்படாது. நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிவிடுகிறது. மிச்சத்தை நாங்கள் குடிக்கிறோம் என்பதற்காகத் துரையும் குடிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

முன்பு மலையில் கொழுந்து பறித்து, இப்போது பங்களாவைக் கூட்டித் துடைப்பவர் சண்முகவடிவு. மெஷின் போன அன்று பங்களாவில் இருந்தவர் அவர் ஒருவர்தான். துரையும் இருந்தார்தான், ஆனால் இந்த மாதிரி விசயங்களில் துரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. களவு உறுதியானால் சண்முகவடிவுக்கு வேலை போகும். வேலை போனால் கம்பெனியின் வரிசை வீடான லயத்தில் கொடுத்த காம்பராவும் போகும். அந்த ஒற்றை அறையை நம்பித்தான் அவரும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

நேர்மை வருசத்தில் ஆளைக் கூப்பிட்டு அதட்டி விசாரிக்க முடியுமா? விஞ்ஞானமாக விசாரிக்க வேண்டும். ஆகவே கொழும்பிலிருந்து பிரதாப் வரவழைக்கப்பட்டார்.

பிரதாப் பொய் கண்டறியும் நிபுணர். ஒரு கருப்புப் பெட்டிக்குள் மெஷினும், அதற்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்ட தொழில் ஒழுக்கக் கோவையும் எப்போதும் அவரோடு போகும். கோவையின் முதலாம் பிரிவு, 'ஆய்வாளர் எச்சந்தர்ப்பத்திலும் பொய்யுரைத்தலாகாது' என்கிறது. அந்த வரி வந்தாலே அவர் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுவார். ஏனென்றால் அவர் பிறந்தது வட்டகொடைப் பக்கம் ஒரு லயத்தில். விசிட்டிங் கார்டில் 'நுவரெலியா' என்று போட்டிருந்தார். வட்டகொடையும் நுவரெலியா மாவட்டம்தானே, அதில் பொய் எங்கே இருக்கிறது? பேர் விசயம்தான் கொஞ்சம் இடறியது. பெற்றவர்கள் வைத்த பேர் பிச்சமுத்து. அடையாள அட்டையில் இன்றைக்கும் அதுதான். ஆனால் பிச்சமுத்து என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் கொழும்புக்காரன் எவனாவது உண்மையைக் கக்குவானா? கோவையை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டிப் பார்த்தார். பேரை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அதோடு மனச்சாட்சியை ஒருவிதமாகச் சமாளித்து, செய்தி வாசிக்கிற தமிழையும் பழகிக்கொண்டார்.

சத்தமில்லாத இடம் வேண்டும் என்று அவர் கேட்டதால் பிள்ளைக் காம்பராவை ஒதுக்கிக் கொடுத்தார்கள். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. குழந்தைகளை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, முயல் படம் ஒட்டிய சுவரோரம் ஒரு கதிரையில் சண்முகவடிவை உட்கார வைத்தார்கள். நெஞ்சைச் சுற்றி ரப்பர் டியூப், கையில் பிரஷர் பட்டி, விரலில் கிளிப்.

"அம்மணி, இக்கருவி பொய்யுரைக்காது," என்றார் பிரதாப்.

"நீங்களுங்களா?"

"நானுந்தான்," என்றார், ஒரு விக்கலுக்குப் பிறகு.

அடுத்தது சீட்டு. மெஷின் மேல் நம்பிக்கை வருவதற்காக ஆளை ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, எந்தச் சீட்டு என்று மெஷினைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரதாப்பின் சீட்டுக்கட்டில் எல்லாமே ஏழுதான். இது முதலாம் பிரிவுக்கு விரோதமில்லையா என்று பயிற்சியின்போது அவர் கேட்டிருந்தார். இது பொய்யல்ல, நம்பிக்கையூட்டல் என்று ஆசிரியர் விளக்கியிருந்தார்.

"நீங்கள் எடுத்தது ஏழு."

"அட ஆமாங்க," என்றார் சண்முகவடிவு. அவர் முகம் வெளிறிப்போனது.

பிறகு கேள்விகள். முதல் கேள்வி ஆளை ஆசுவாசப்படுத்துவதற்கு. யாருக்கும் பயம் வராத சாதாரணக் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது விதி.

"உங்கள் பெயர் சண்முகவடிவா?"

"ஆமாங்க."

கம்பியூட்டர் திரையில் கோடு எகிறிப் போய் மேல் விளிம்பில் முட்டியது.

"நாம் இப்போது மஸ்கெலியாப் பகுதியில்தான் இருக்கிறோமா?"

"ஆமாங்க." கோடு கீழே இறங்கிப் படுத்தது.

"காப்பி மெஷினை நீங்கள் எடுத்தீர்களா?"

"இல்லீங்க." கோடு படுத்த இடத்திலேயே கிடந்தது.

பிரதாப் திரும்பவும் பேரைக் கேட்டார். கோடு திரும்பவும் எகிறியது. மூன்றாம் தடவை கேட்டபோது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தோட்டத்தில் பேர் என்றால் அன்றைய வேலை, அன்றைய சம்பளம். சொன்ன அளவுக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர் போடுவார்கள், குறைந்தால் அரைப் பேர்தான். அவருடைய அம்மா எத்தனையோ நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னைக்கு அரைப் பேருதான்டா," என்று சொல்லிப் பேசாமல் படுத்திருக்கிறார். மலையில் பாதி ஆயுசைக் கழித்த பொம்பளையிடம் பேர் என்று ஆரம்பித்தால் நெஞ்சு துள்ளாமல் என்ன செய்யும்?

விளங்கியது சரி, அதை எழுதுவது எப்படி? எழுதினால் உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வட்டகொடை லயம் வெளியே வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பிச்சமுத்துவும் வருவான். ஆகவே நிபுணர் தமது அறிக்கையில், 'களவு தொடர்பில் உண்மைத்தன்மையும், பெயர் தொடர்பில் ஏமாற்றுக் குறிகளும் அவதானிக்கப்பட்டன' என்று எழுதி, கீழே பிரதாப் என்று கையெழுத்தும் வைத்தார்.

துரை ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் ஒழுங்குமுறையாக யோசிப்பவர். பிரதாப்பைப் பங்களா வராந்தாவில் நிற்க வைத்துக்கொண்டு அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"களவெடுக்கேல்லை எண்டது உண்மை, என்ன?"

"உண்மை."

"சண்முகவடிவு எண்ட பேர் பொய்?"

"கருவி அவ்வாறு காட்டுகிறது."

"அப்ப கதிரையில இருந்தவ களவெடுக்கேல்லை. ஆனா அவ சண்முகவடிவு இல்லை. சண்முகவடிவு களவெடுக்கேல்லை எண்டு ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை."

"சண்முகவடிவை நீர் விசாரிச்சனீரோ?"

பிரதாப் கொஞ்சம் யோசித்தார். "அவர் ஆஜராகவில்லை."

"பாத்தீரே. விசாரணைக்கு வராமல் எங்கேயோ ஒளிஞ்சிட்டா. ஒளிஞ்சவதான் கள்ளி."

வாசலில் நின்ற சண்முகவடிவு, "ஐயா, நான் இங்கதாங்க நிக்கிறேன்," என்றார்.

"நீங்கள் போகலாம், அம்மா. உங்களில ஒரு குற்றமும் இல்லை."

"காம்பராங்க?"

"அது சண்முகவடிவின்ரை காம்பரா. அதைப் பூட்டப் போறம். உங்களுக்கு அதில என்ன அலுவல்?"

சண்முகவடிவு தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிரதாப்புக்கு, கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்காருகிற அம்மாவின் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் துரையின் போன் அடித்தது. நுவரெலியாவில் ஒரு பழுது திருத்துகிற கடையிலிருந்து பேசினார்கள். துரை கொடுத்துவிட்டுப் போன காப்பி மெஷின் திருத்தியாகிவிட்டதாம், எப்போது வந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். துரை போனை வைத்துவிட்டு அறிக்கையை மூன்றாம் தரமும் வாசித்தார்.

"களவு நடக்கேல்லை எண்டு உம்மடை கருவி சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றார் பிறகு. "அருமையான கருவி. அப்ப பேர் விசயத்திலயும் அது சரியாத்தான் இருக்கும். காம்பராவைப் பூட்டத்தான் வேணும்."

இதற்கு மேல் பிரதாப்பால் முடியவில்லை. செய்தி வாசிக்கிற தமிழ் அவரை அறியாமலே கழன்று விழுந்தது.

"தொரை, அது பொய் இல்லீங்க. அரைப் பேருங்க. எங்க அம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதான். நான் வட்டகொடை லயத்துப் பிள்ளைங்க. பேருன்னு கேட்டாலே எங்க ஆளுங்களுக்கு நெஞ்சு அடிக்கும். சம்பளந்தாங்க எங்களுக்குப் பேரு."

"ஒரு சொல்லுக்கு நெஞ்சு துள்ளுமோ? நிரூபியும்."

பிரதாப் டியூபைத் தன் நெஞ்சிலேயே கட்டிக்கொண்டார், விரலில் கிளிப்பை மாட்டினார். துரை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"உம்மடை பேர் பிரதாப்தானே?"

"ஆமாங்க."

கோடு எகிறியது. சண்முகவடிவுக்கு எகிறியதைவிட இரண்டு மடங்கு உயரத்துக்குப் போய், திரையைத் தாண்ட வழி தேடியது.

துரை அசந்துபோனார். "ஓம், நீர் சொன்னது முழுக்க உண்மை. விஞ்ஞானபூர்வமா நிரூபணமாச்சு." உடனே ஆணை பிறந்தது. சண்முகவடிவு என்பவர் சண்முகவடிவுதான் என இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது, காம்பரா அவர் வசமே இருக்கும். நிபுணரின் அறிக்கை பாதி சரி, பாதி பிழை என்பதால் அவருக்கான கொடுப்பனவைத் துரை புதிதாகக் கற்றுக்கொண்ட சொல்லிலேயே தீர்த்தார். "அரைப் பேர் போடச் சொல்லுறன்."

பஸ் நிற்கிற இடம்வரை சண்முகவடிவு கூடவே வந்தார். பெட்டியைத் தானே தூக்கி வருவதாகச் சொல்லிப் பார்த்தார், பிரதாப் விடவில்லை. அவருக்கு மனசு நிறைந்திருந்தது. படிப்பு முடிந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் முதலாம் பிரிவின்படி நடந்திருக்கிறோம் என்று நினைத்தபோது கண்கூடக் கலங்கியது.

"நல்ல மெஷினுங்க தம்பி அது," என்றார் சண்முகவடிவு.

"எங்கங்க. பேர் விசயத்துல உங்களைப் பாடாப் படுத்திருச்சே."

"அதத்தான் சொல்றேன். சண்முகவடிவு எங்க அக்காங்க. அவ பேர்லதான் வேலையும் காம்பராவும் பதிஞ்சிருந்துச்சு. அவ கல்யாணம் கட்டி வவுனியாப் பக்கம் போனதும் அந்தப் பேர்லயே நான் நின்னுட்டேன். என் பேரு நாகலெட்சுமி. அன்னைலருந்து யாரும் கேக்கல, ஒங்க மெஷின்தான் கேட்டுச்சு. தொரை முன்னால என்ன சொல்றதுன்னு தெரியாம உக்காந்துட்டேன். இந்த அரைப் பேரு கதை எனக்குத் தோணவே இல்லீங்க. நல்ல சமயத்துல சொன்னீங்க."

பிரதாப் கோவையில் இதற்கு என்ன பிரிவு என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கீழே வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"உங்களுக்கு எகிறுனது பாத்தேன்," என்றார் அவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "உங்க பேரு நெசமாவே பிரதாப்புங்களா தம்பி?"

பிரதாப் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.

"ஆமாங்க," என்றார்.

"அப்ப நானும் சண்முகவடிவுதாங்க."