ஈயம் பூசிய தளபதி

பூந்தமல்லி,
8-3-1937

சிரஞ்சீவி லோகநாதனுக்கு அக்கா பொன்னம்மாள் ஆசீர்வாதம். இங்கு நான் க்ஷேமம். பம்பாயிலிருந்து நீ அனுப்பிய வெண்கலக் குதிரை க்ஷேமமாக இல்லை.

இத்தாலி தேசத்து நாற்சந்திகளில் தளபதிகள் குதிரைமேல் வீற்றிருக்கும் பழைய சிலைகளைப் பார்த்து, அதே தோரணையில் ஒரு சாண் உயரத்துக்கு வார்த்ததாக எழுதியிருந்தாய். ஆவடி ஸ்டேஷனிலிருந்து பார்சலைக் கொண்டுவந்த ஜட்கா வண்டிக்காரன் கன்னியப்பனிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவன் குனிந்து பார்த்து, "முன்னங்கால தூக்கினு நிக்குதும்மா. லாடத்துல கல்லு மாட்டிக்கீது. மேல கீறவன் எறங்கிப் பாக்காம குந்திகினு கீறான் பாரும்மா, இவன்லாம் ஒரு ஆளு" என்றான். அன்று முதல் எனக்கும் அந்தத் தளபதிமேல் மரியாதை இல்லை.

அது போகட்டும். அமிலம் பூசி மாதக்கணக்கில் காத்திருந்து நீ வரவழைத்த பச்சை நிறம், சமையலுக்கு இருக்கும் முத்தம்மாள் கண்ணில் பட்டுவிட்டது. "இன்னாம்மா, மேலெல்லாம் களிம்பு பூத்துக்கீது. இத்த ஊட்ல வச்சா வாந்திபேதிதான்" என்றாள். இது கலை என்றேன். தலையாட்டினாள். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனதும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள், தெருவில் ஈயம் பூசுகிற அய்யாசாமி குரல் கேட்டதும் பித்தளைத் தவலையோடு குதிரையையும் தூக்கிக் கொடுத்திருக்கிறாள், நான் திரும்பி வந்து பார்த்தால் அடுப்பங்கரை அலமாரியில் தளபதியும் குதிரையும் வெள்ளை வெளேரென்று நிற்கிறார்கள், பக்கத்தில் இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இனிமே இதுல ரசமே வைக்கலாம்மா" என்கிறாள், ரசத்தை எங்கே ஊற்றுவாய் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பட்டணத்தில் புதிதாகத் தொடங்கும் சிற்பப் பள்ளியின் துரை வியாழக்கிழமை இதைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால்தான் உனக்கு அங்கே உபாத்தியாயர் வேலை. ஆகையால் வரவேண்டாமென்று அவருக்கு உடனே தந்தி அடி. உன்னிடம் இருக்கும் இதன் ஜோடிக் குதிரையை எக்காரணம் கொண்டும் இங்கே அனுப்பாதே. முத்தம்மாளைத் திட்டி எழுதாதே; அதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டவேண்டியிருக்கும்.

வெயிலில் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு.

உன் அக்கா,
பொன்னம்மாள்

பி.கு.: தந்தி வேண்டாம். இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் துரை சொல்லாமல் கொள்ளாமல் இன்றே வந்துவிட்டார். குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தூக்கிய கால் இத்தாலியில் தெருவுக்குத் தெரு உண்டாம். இந்த வெள்ளைப் பூச்சைத்தான் அவர் எங்குமே பார்த்ததில்லையாம். உன் சொந்தக் கற்பனை என்று மெச்சினார். நான் வாயைத் திறக்கவில்லை. பி.ஏ. படித்தது அதற்காவது உதவியது. ஜோடியும் இதே பூச்சில் இருந்தால் வேலை உனக்குத்தானாம். உடனே அனுப்பு. முத்தம்மாள் புளி ஊறப்போட்டுவிட்டாள்.