பெரியப்பாவின் ஜெபமும் என் நீர்க்கடுப்பும்

தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டுவதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தவள் நான். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏஜென்சியில் வேலை. பெண்கள் கழிப்பறையின் சாவி மேனேஜரின் மேஜையில் இருக்கும். (அவரிடம் போய்க் கேட்பதற்குப் பதில் கடலில் குதிக்கலாம்.) அதனால் காலைக் காபிக்குப் பிறகு, சாயங்காலம் நாசரேத் ஊரிலுள்ள வீட்டுக்கு வந்து சேரும்வரை ஒரு சொட்டு கிடையாது.

அந்தச் சனிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. எப்படியாவது கூடிவர வேண்டும் என்று ஒரு வாரமாய் ஆண்டவரை நச்சரித்திருந்தேன். ஆனால் விடிந்ததிலிருந்து நீர்க்கடுப்பு. பத்து நிமிடத்துக்கு ஓர் ஓட்டம், போனால் நாலு சொட்டு, நெருப்பாய் எரிச்சல். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. (சொன்னால் பெண் பார்ப்பதையே தள்ளிப் போட்டுவிடுவாள்.)

எங்கள் வீடுகளில் சம்பந்தப் பேச்சு ஜெபத்தில்தான் தொடங்கும். பெரியப்பா ஜெபித்தால் ஆதாமில் ஏறி, எல்லா ஸ்டாப்பிலும் நின்றுதான் வருவார். அவர் நோவா காலத்து வெள்ளத்தை வர்ணிக்க ஆரம்பித்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்களே, யாருக்குத் தெரியும் என்று நழுவினேன். திரும்பியபோது ஈசாக்குக்குக் கல்யாணம். மறுபடி ஓடி வந்தேன், மோசே பிறந்திருந்தார். மூன்றாவது தடவை எழுந்தபோது, பெரியப்பா செங்கடலை ஒரே வரியில் கடந்து ஆமென் சொல்லிவிட்டார். அத்தனை கண்களும் திறந்தன. நான் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வாசற்படியில் நின்றிருந்தேன்.

"பிள்ளைக்கு இஷ்டமில்ல போல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, முகம் சுருங்கி. எனக்கு அழுகை முட்டியது.

"இது மூணாவது தடவப்பா" என்றார் மாப்பிள்ளை. (அப்படியானால் இவர் கண்ணை மூடவே இல்லை!)

அவருடைய அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"ஏளா, எரியுதா?"

தலையாட்டினேன்.

"தண்ணி குடிக்க மாட்ட, அடக்கியும் வைப்ப, அப்படித்தான?"

அதற்கும் தலையாட்டினேன்.

"பொம்பளைக்கு மூத்திரக் குழாய் சின்னது, கிருமி சட்டுனு ஏறிரும். சுகர்காரங்க, புள்ளத்தாச்சி, வயசானவங்களுக்கு இன்னும் சுலபமா வந்துரும். இப்பமே டாக்டர பாத்து யூரின் டெஸ்ட் குடு. மாத்திரைய பாதியில நிறுத்தப்பிடாது, பாத்துக்க!"

கூடத்தில் பிரசங்கமே நடந்துவிட்டது. பெரியப்பா பைபிளை விரித்து அதற்குள் ஒளிந்துகொண்டார்.

கல்யாணம் கூடிவந்தது. நிச்சயத் தட்டில் பூ, பழத்தோடு ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் வந்தது. ஆபீஸ் கழிப்பறைச் சாவியையும் மேனேஜரிடம் கேட்டு வாங்கி, கதவிலேயே மாட்டிவிட்டேன். ஆனால் இன்றைக்கும் குடும்பம் கூடினால், பெரியப்பா கண்ணை மூடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

"எல்லாரும் போயிட்டு வந்துட்டியளா?"

கேட்பது எல்லோரையும். பார்ப்பது என்னை.