பச்சைத் துப்பாக்கியை ஒப்படைத்த விவரம்

வேடசந்தூர்,
ஞாயிறு இரவு.

மஸ்கட்டில் இருக்கும் என் மரியாதைக்குரிய கணவர் மதியழகன் அவர்களுக்கு, அன்புடன் அறிவுச்செல்வி எழுதுவது.

இங்கு நானும் நம் பாப்பா இதழினியும் நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன முப்பரிமாண அச்சு மிஷினும் சௌக்கியம். அங்கு நீங்களும் உங்கள் முதுகுவலியும் எப்படி? வாட்ஸ்அப் இருக்க எதற்குத் தபால் என்று திகைக்க வேண்டாம். 'துப்பாக்கி' என்று போனில் அடித்தால் எங்கேயோ ஓர் ஆபீசில் சிவப்பு விளக்கு எரியும் என்று எனக்குப் பயம். தவிர, போனில் என்றால் நீங்கள் "ம்... அப்புறம்?" என்பீர்கள். கடிதத்துக்கு நடுவில் அப்படிச் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். பாப்பாவின் தீபாவளிப் பொட்டுவெடித் துப்பாக்கி உடைந்துபோய் ஒரே அழுகை. "போரடிச்சா இதுல ஏதாச்சும் செஞ்சுக்கிட்டு இரு" என்று சொல்லித்தானே மிஷினைக் கொடுத்தீர்கள், இணையத்தில் ஒரு பொம்மைத் துப்பாக்கியின் மாதிரியை இறக்கி, கையில் மிச்சமிருந்த பச்சைப் பிளாஸ்டிக் இழையில் மிஷினில் அடித்துக் கொடுத்தேன். நம் தெருவில் பகல் ஷிப்டுக்காரர்கள் மில் பஸ்ஸில் போய்விடுகிறார்கள், இரவு ஷிப்டுக்காரர்கள் கதவைச் சாத்தித் தூங்குகிறார்கள். எனக்குப் பேச்சுத்துணை அந்த மிஷின்தான். அதுவும் உங்களைப் போலவே 'ம்ம்ம்' என்று ஒரே பதில்தான் சொல்லும்.

மறுநாளே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போலீஸ் வந்தது. நாட்டுத் துப்பாக்கியோ வீட்டில் செய்த துப்பாக்கியோ, உரிமம் இல்லாதவர்கள் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை, மறைத்தால் சிறை. வீட்டில் செய்தது! எம்.எஸ்சி. கணிதம் படித்தவள் சும்மா இருப்பேனா, ஆயுதச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். உரிமம் இல்லாமல் செய்தாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம், உதிரி பாகம்கூட ஆயுதக் கணக்கில்தானாம். நம் வீட்டில் சரியாக வராத டிரிகரே ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. என்னைப் பிடித்துக்கொண்டு போனால் பாப்பாவுக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை. சட்டத்தைவிட அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

புதன்கிழமை, துப்பாக்கியையும் டப்பாவையும் என் சுங்குடிச் சேலையில் சுற்றிக்கொண்டு, பாப்பாவுடன் பஸ் பிடித்து, வடமதுரைப் பக்கம் மலையடிவாரச் சமுதாயக்கூடத்தில் போலீஸ் நடத்திய துப்பாக்கி ஒப்படைப்பு முகாமுக்குப் போனேன். வரிசையில் எல்லார் கையிலும் சாக்குச் சுருட்டு. எனக்கு முன்னால் சடையாண்டி என்று ஒரு பெரியவர், அவர் சம்சாரம் மாயம்மாள். ஏட்டையா யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ஏதுய்யா இது?"

"தோட்டத்துல கெடந்துச்சுங்கய்யா."

"இம்புட்டு எண்ணெய் போட்டுத் தொடச்சா கெடந்துச்சு?"

"அப்படித்தான் கெடந்துச்சு."

ஏட்டையாவும் சிரிக்காமல் 'கண்டெடுத்தது' என்று எழுதிக்கொள்கிறார். என் முறை வந்தது. "நான்தான் சார் செஞ்சேன்" என்றேன். வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, எல்லாரும் கெடந்துச்சுன்னு சொல்றாகல்ல? நீயும் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே!"

சேலையைப் பிரித்தார். பச்சைக் கிளி மாதிரி உட்கார்ந்திருந்தது. விசையை அழுத்தினார், அது கையோடு வந்துவிட்டது. "இதுக்கு லைசென்ஸ் வேணாம் தாயி, கேரண்டி கார்டுதான் வேணும்" என்றார். பிறகு முகம் மாறி, "ஆனா நெட்டுல பாத்துத் துப்பாக்கின்னு எதையும் செய்யாதே. பொம்மைன்னு தொடங்கி நெசமாச் சுடுறதச் செஞ்சு வச்சேன்னா, நானே வந்து கூட்டிட்டுப் போவேன்" என்றார். இனி செய்ய மாட்டேன் என்று பாப்பா தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் மாயம்மாள், "ஏத்தா, சாப்டியா? வீட்டுல ஆரு இருக்கா?" என்று கேட்டு, தூக்குவாளியைத் திறந்து சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வைத்தார். நீங்கள் போன பிறகு என்னைச் சாப்பிட்டாயா என்று நேரில் கேட்டவர் அவர் ஒருவர்தான். மூக்கைச் சிந்திக்கொண்டே, உங்கள் முதுகுவலி வரைக்கும் சொல்லிவிட்டேன். கடைசி பஸ்ஸைத்தான் பிடித்தேன்.

ஆகவே மிஷினைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி மச்சில் ஏற்றிவிட்டேன். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். லீவு கேட்டு மேனேஜரிடம் திட்டு வாங்கவும் வேண்டாம். நன்றாகவே இருக்கிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சௌந்தரராஜப் பெருமாள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அறிவுச்செல்வி

பி.கு.: வருகிற புதன்கிழமையும் அங்கே முகாம் உண்டாம். மாயம்மாள் வீட்டில் இன்னொன்று 'கெடக்கிறதாம்', கட்டாயம் வருவார்களாம். மிஷினை இறக்கிக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். இதை எழுதும்போதும் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சை தீர்ந்துவிட்டதால் இந்த முறை சிவப்பு. ஏட்டையா கேட்டால் கெடந்துச்சு என்று சொல்லிக்கொள்கிறேன்.