கம்பிவேலிக்கு எந்தப் பக்கம் வீடு வாங்குவது

சேசு மரி சூசை துணை

டன்வெல் தோட்ட ஆஸ்பத்திரி,
கலும்பாங்,
17 ஆகஸ்ட் 1952

மிகுந்த மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய அகதா அக்கா அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி சில்வெஸ்டர் வணங்கி எழுதும் கடிதம். ஆண்டவர் கிருபையால் இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று ஆகிவிட்டது, அதைப் பின்னால் எழுதுகிறேன். கோலா சிலாங்கூரில் தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்காலுக்கு அனுப்பிய தைலம் தேய்ப்பதற்கு மட்டும்தான், போன முறை மாதிரி குடித்துவிட வேண்டாம் என்று சொல்லவும்.

எந்த ஊரில் வீடு பார்த்திருக்கிறாய், கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாமா என்று தாங்கள் இரண்டே வரியில் கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்குப் பதில், எல்லா ஊரிலும் பார்த்துவிட்டேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்தக் காகிதக் கட்டு.

அப்பாவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்களே, அம்மாவும் நாமும் மாதாகோயில் பின்கட்டில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தோமே, அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. வேலை போனால் கூரையும் போகிற வீட்டில் பெண்ணைக் கொண்டுவந்து வைக்காதே என்றீர்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசர் பரீட்சை தேறி, நான் ஊசி போட்டால் வலிக்காது என்று லயத்து ஜனங்கள் பேர் சொல்லுகிற அளவுக்கு வந்தபிறகு, நீங்களே ரவாங்கில் வாத்தியார் வேலை பார்க்கும் முரியலைப் பேசி முடித்தீர்கள். முரியலுடைய அப்பா டெஸ்மண்ட் மாமாவும் அதே நிபந்தனைதான் போட்டார். மருமகனுக்குச் சொந்த வீடு வேண்டும், அது பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். அக்கா, காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகளும் வெளியே பட்டாளமும் சுட்டுக்கொள்கிற இந்த அவசரகாலத்தில் பாதுகாப்பான இடம் தேடுவது என்ன பாடு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியவில்லை.

முதலில் கலும்பாங். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாராயணசாமி என்பவர், இந்தியாவுக்குத் திரும்பப் போகிறேன் என்று வீட்டை விற்கிறார். துணைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிற கிராணி சோமு வந்தார். சோமுவுக்குச் சொந்தத்தில் ஒரு கோழிக்கூண்டுகூடக் கிடையாது, ஆனால் வீடு வாங்குவது பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பலகை வீடு, தகரக் கூரை, முன்னால் ரெண்டு ரம்புத்தான் மரம். ரொம்ப அமைதியான இடம் என்று நாராயணசாமி சொல்லி வாயை மூடவில்லை, பின்பக்கத்து ரப்பர் காட்டில் படபடவென்று சுடுகிற சத்தம். மூன்று பேரும் தரையில் குப்புற விழுந்தோம். நான் மாதாவை நினைத்துக்கொண்டு பலகையில் முகத்தைப் புதைத்துக்கிட்டேன். அப்போது என் காதுப்பக்கமாக நாராயணசாமி, "இவ்வளவு கிட்ட வந்தாச்சு, பலகையை நல்லாப் பாத்துக்குங்க தம்பி. செங்கால் மரம். ஒரு கரையான் ஓட்டை இருக்கான்னு பாருங்க" என்றார். உண்மையிலேயே இல்லை. அரைமணி நேரம் பார்த்தேன், அந்த மாதிரித் தரை மலாயாவிலேயே கிடையாது. எழுந்து பார்த்தால் சுவரில்தான் ஒரு ஓட்டை. இது முன்னாடியே இருந்ததா என்று கேட்டதுக்கு, காற்று வரும் தம்பி என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான், கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது, எதையும் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சோமு யோசனை சொன்னார். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். என் வாழ்க்கையில் நான் வாங்கின பொருள்களிலேயே மோசமானது அதுதான் அக்கா.

நோட்டோடு கெர்லிங் போனேன். அங்கே ஒரு தச்சர் தனக்கென்று கட்டின வீடு, ஒவ்வொரு மூட்டும் எண்ணெய் தடவின மாதிரி இருந்தது. சமையல்கட்டு மட்டும் பின்னால் தனியாக, நடுவில் பத்தடி நடை. எனக்குப் பிடித்துவிட்டது, முன்பணம் கொடுக்க மறுவாரம் போகிறேன், காட்டு ஆட்கள் உள்ளே வராமல் ஊரைப் புதுக் கம்பமாக்கிச் சுற்றி வேலி போடுகிறோம் என்று அந்தப் பத்தடி நடையில் கட்டை நட்டு முள்கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீடு வேலிக்கு உள்ளே, அடுப்பு வேலிக்கு வெளியே. வேலி வேலையைப் பார்க்க வந்த துரையிடம் போய் மரியாதையாகக் கேட்டேன். அவர் வரைபடத்தை விரித்து, கோடு இப்படித்தான் போகிறது என்று காட்டினார். கேட்டைச் சுற்றி வந்து சமைக்கலாம், பகலில் தடையில்லை என்றார். அரிசியை வெளியே கொண்டுபோக விடுவீர்களா என்றேன். காட்டில் இருக்கிறவனுக்குப் போய்விடும், ஒரு மணி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது, அது சட்டம் என்றார். அப்ப அங்கே எதைச் சமைப்பது என்றேன். அவர் நியாயமான மனுஷன், வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, சமைத்த சோறு வெளியிலிருந்து உள்ளே வருவதற்குத் தடை ஒன்றும் இல்லையே என்றார். தச்சர் எனக்குப் பின்னால் நின்று பாதி விலை, பாதி விலை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பாவம், அவர் கண்ணில் தண்ணி. நானும் அழுதிருப்பேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாவது சுங்கை சோ. மளிகைக்கடைக்காரர் ஒருவர் மகனுக்குக் கட்டின வீடு. இதில் குறையே கிடையாது, சமையல்கட்டும் வீடும் ஒரே பக்கம் இருந்தது. டெஸ்மண்ட் மாமாவும் வந்து பார்த்துத் தலையாட்டினார். அந்தச் சமயம் பார்த்து, அந்தப் பக்கம் ஊரடங்கை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டார். பத்து நாளில், இல்லை, இன்னும் இறுக்கப் போகிறார்கள் என்று வேறு பேச்சு. விலை இறங்கியது, மாமா பின்வாங்கினார். ஏறினால் அவருக்குச் சம்மதம், இறங்கினால் எனக்குச் சம்மதம். ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் சம்மதம் வந்ததே இல்லை. இப்படியே ரெண்டு மாசம் போச்சு. சோமு மட்டும், பொறுங்க லா சார், மார்க்கெட் அப்படித்தான் என்று சொல்லிக்கிட்டே இருந்தார்.

அக்கா, இனிமேல் எழுதுவதைப் பிள்ளைகள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டாம். போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைசியாக ஒரு தடவை சுங்கை சோ வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அடையாளக் கார்டு சரியாக இருந்தது. சட்டைப்பையில் நோட்டு இருந்தது. அதை ஒரு போலீஸ்காரர் பிரித்துப் பார்த்தார், இன்னொருத்தரைக் கூப்பிட்டார், அவர் என் கையைப் பிடித்தார். நான் என்ன எழுதியிருந்தேன் என்று நினைத்துப் பாருங்கள். கெர்லிங், போலீஸ் நிலையம் நானூறு கஜம். ரோந்து லோரி காலை ஆறு, மாலை நாலரை, நடுவில் ஆள் இல்லை. சுங்கை சோ, வளைவில் லோரி வேகம் குறைகிறது. வேலியில் விளக்கு பதினொன்று, மூன்று எரியவில்லை. பாதுகாப்பான இடம் தேடுகிறவன் இதையெல்லாம் எழுதாமல் வேறு என்னத்தை எழுதுவான், சொல்லுங்க. இதுக்கு மேலே ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டத்தில், மு. இந்த வழியாக நடந்து வர முடியுமா, மழை நாளில் மு. எங்கே ஒதுங்குவது, இங்கே மு.வுக்கு ஆபத்து உண்டா என்று எழுதியிருந்தேன்.

நிலையத்தில் ஒரு வெள்ளைக்கார ஆபீசர், அவருக்கு மொழிபெயர்க்க உடையப்பன் என்று நம்ம ஆள் ஒருத்தர். உடையப்பன் மாதிரி ஒழுங்காக வேலை செய்கிற மனுஷனை நான் பார்த்ததில்லை, நோட்டில் ஒரு வரி விடாமல் இங்கிலீஷில் எழுதி எழுதிக் கொடுத்தார். ஆபீசர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். இந்த மு. யார், காட்டுக்குள்ளே எத்தனை பேருக்குத் தலைவன்? நான் வீடு பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன், மு. யார் என்று சொல்லவில்லை. கல்யாணம் ஆகாத பெண்பிள்ளை பேரை லாக்கப்பில் வைத்து எப்படி அக்கா சொல்லுவேன். சனி முழுக்கச் சொல்லவில்லை, ஞாயிறு முழுக்கச் சொல்லவில்லை. பூசை மணி காதில் விழுந்தது, எழுந்து போக முடியவில்லை, அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன். விசாரணை இல்லாமல் எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், இந்தியாவுக்குக் கப்பலேற்றியும் விடலாம் என்று உடையப்பன் எனக்குக் கஞ்சி கொடுக்கும்போது ரொம்பத் தன்மையாகச் சொன்னார்.

சோமுதான் ரவாங் போய்த் தகவல் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் டெஸ்மண்ட் மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே முரியலும். இவர் வீடு வாங்கத்தான் அலைகிறாரா என்று ஆபீசர் மாமாவைக் கேட்டார். மாமா பொய் பேசாதவர்.

"அப்படித்தான் சொல்றார். நாலு மாசமாப் பாக்கிறார், இன்னும் ஒரு வீடும் வாங்கல. எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

உடையப்பன் அதையும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். அப்போது முரியல் மேசைப்பக்கம் போய், நான் பார்க்கலாமா என்று கேட்டு நோட்டை வாங்கினாள். நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் வாசித்தாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரைக்கும் எத்தனை அடி, சன்னல் வெளிச்சத்தில் மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட நோட்டுத் திருத்த முடியுமா, அதெல்லாமும் அதிலேயேதான் இருந்தது. வாசித்து முடித்து மூடி வைத்தாள்.

"அந்த மு. நான்தான்" என்றாள். "முரியல்."

உடையப்பன்கூட மொழிபெயர்க்க மறந்துவிட்டார், ஆபீசர் ரெண்டு தடவை கேட்டபிறகுதான் சொன்னார். பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். நோட்டை மட்டும் தரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இப்படி எழுத மாட்டேன். டெஸ்மண்ட் மாமா வாசலுக்கு வந்ததும், போலீசில் பேர் பதிந்தவனுக்குப் பெண் கொடுக்க நான் தயாராக இல்லை, மோதிரத்தைச் சோமுவிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு முரியலைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை, புழுதி. மறுவாரம், வருவது வரட்டும் என்று சுங்கை சோ கடைக்காரரிடம் போனேன், அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவது, அப்புறம் மாமா காலில் விழுவது என்று. வீடு விற்றாகிவிட்டது என்றார். யார் வாங்கினது என்று கேட்டேன். உடையப்பன். நோட்டில் ஒவ்வொரு வீட்டையும் ரொம்ப ஆழமாக அலசியிருந்ததாகவும், மூன்றில் அதுதான் நல்ல வீடு என்று எவருக்கும் புரியும் என்றும், என்னைப் பார்த்தால் நன்றி சொல்லச் சொன்னதாகவும் கடைக்காரர் சொன்னார்.

அக்கா, எனக்கு அலுத்துப் போச்சு. எனக்கு இந்த நாட்டில் ஒரு கூரை அமையாது, அமைந்தாலும் அது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும். இந்த ஆஸ்பத்திரி அறையிலேயே இருந்து விடுகிறேன். வேலை போகிறபோது கூரையும் போகட்டும், தனி ஆளுக்கு ஒரு மூட்டைதானே. டெஸ்மண்ட் மாமாவுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதி, சம்பந்தம் வேண்டாம் என்று நம்ம பக்கத்திலிருந்தும் மரியாதையாக முடித்துவிடுங்கள். முரியலுக்கு நல்ல இடமாக அமையட்டும். எனக்கு வேறு பெண் பார்க்கக் கூடாது, அத்தான் யாரிடமாவது பேச்சை எடுத்தால் நான் சபிக்க மாட்டேன், ஆனால் கோலா சிலாங்கூர் பக்கமே வர மாட்டேன். இது என் கடைசி முடிவு. மாறாது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் சிலுவை அடையாளம் போடவும். உங்கள் செபமாலையில் கடைசி மணியையாவது எனக்காக உருட்டவும்.

இப்படிக்கு,
எதற்கும் உதவாத தம்பி,
சில்வெஸ்டர்

பி.கு. உறையில் போட்டு ஒட்டப் போகும்போது முரியல் வந்துவிட்டாள், தனியாக, பஸ்ஸில். மருந்து மேசைப்பக்கம் நின்று இந்தக் கடிதம் முழுக்க வாசித்தாள், நான் தடுத்தும் கேட்கவில்லை. ராசா ஊரில் ஒரு வீடு வாங்கிவிட்டாளாம். அவளுடைய ஆறு வருஷ வாத்தியார் வேலைச் சேமிப்பு, அவங்க அம்மா விட்டுப்போன வளையல், கிரயமும் எழுதியாச்சு. பார்த்து முடிவு செய்யப் பதினைந்து நிமிஷம் ஆனதாம். போலீஸ் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன், கேட்கவில்லை என்றாள். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, மருமகன் பேரில் வீடு இருக்கணும்னு சொன்னேன், மகள் பேரில் இருக்கக் கூடாதுன்னு சொல்லலையே என்று அவராகவே சொல்லிவிட்டாராம். ஆகவே அவருக்கு நீங்கள் கடிதம் எழுத வேண்டாம். அடுத்த ஞாயிறு முதல் மூன்று வாரம் கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள், அத்தானுக்கு லீவு கிடைக்குமா என்று உடனே எழுதவும். முரியல் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கிறாள். கல்யாணம் முடிகிறவரைக்கும் நான் அந்த வீட்டைப் போய்ப் பார்க்கக் கூடாதாம்.