நூர் நிஷாவும் காணாமற்போன கோப்பும்

"அய்யோ, மறுபடியும் அதே நீலம்!"

நூர் நிஷா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். திரை முழுக்க நீலம். ஏதோ ஒரு கோப்பைக் காணோம், அது இல்லாமல் கிளம்ப முடியாது என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

ஏர்வாடியில், ஆன்லைனில் விண்ணப்பம் பதிந்து தர அவள் நடத்தும் கடையில் இருப்பது இந்த ஒரே கம்ப்யூட்டர்தான். எதிரே பூமிநாதன், சிட்டா அடங்கலைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மிளகாய்க்குப் பயிர்க் காப்பீடு பதிய அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணியோடு சரி. இப்போது மணி மூன்றரை.

"தாயி, கடலாடியில கூட்டம் ரோடு வரைக்கும் நிக்குது. உன்னைய நம்பித்தான் இங்கன வந்தேன். போன வருசம் மழையில அம்புட்டும் அழுகிப்போச்சு."

"இருங்கய்யா, எங்க வீட்டுக்காரர்ட்ட கேக்குறேன்."

காஜா நவாஸ் ஷார்ஜாவில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தான். அங்குள்ள கம்ப்யூட்டரெல்லாம் தன்னைக் கேட்காமல் மூச்சுவிடாது என்று ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வான். வீடியோ காலில் மனைவி, "கம்ப்யூட்டர் கிளம்ப மாட்டேங்குது" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நீலமா நிக்குதா? கோப்பைக் காணோம்னு வருதா?"

"ஆமா மச்சான்! எப்படிச் சொன்னீங்க?"

"நான் பாக்காததா? மூடியைக் கழட்டு. உள்ள ராம்னு நீளமா ஒரு மெமரி அட்டை இருக்கும். அதை உருவி, ரப்பர் வச்சுத் தேய்ச்சு மாட்டு."

மாட்டினாள். பெட்டி கீ கீ என்று கத்தியது. திரை கறுத்துப்போனது.

"மச்சான், இருந்த நீலமும் போச்சு!"

"அப்படியா? சரி, அப்ப அதச் செய்யக் கூடாது" என்றான், குறித்துக்கொள்பவன்போல.

ராமை இன்னும் அழுத்திப் பொருத்தினாள்.

"நீலம் வந்துருச்சு தாயி!" பூமிநாதன் எழுந்தே நின்றுவிட்டார்.

"இப்பப் பயாஸுக்குள்ள, அதான் கம்ப்யூட்டர் கிளம்புறதுக்கு முந்தி வர்ற செட்டிங்குக்குள்ள போயி, எல்லாத்தையும் முதல்ல இருந்தபடி மாத்து" என்றான் காஜா.

மாற்றினாள். "ஹார்டு டிஸ்க்கே இல்லைங்குது! முந்தி ஒரு கோப்பத்தான் காணோம். இப்ப எல்லாத்தையும் காணோம்!"

"இதுவும் கூடாதா? நல்லவேளை."

"என்ன நல்லவேளை?"

"அது கெடக்கட்டும். பேசாம எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுரு."

மணி நாலேகால். பெட்டிக்குள் ஊரில் பாதிப்பேரின் விண்ணப்பங்கள் இருந்தன. நூர் நிஷாவுக்குக் காது சிவந்தது.

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா மச்சான்?"

ஒன்பது வருட இல்வாழ்க்கையில் முதல் தடவை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பயாஸில் மாற்றியதைத் திருப்பினாள். நீலம் வந்தது. இந்த முறை அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பழுதுபார்க்கும் பென்டிரைவைச் செருகு என்று அங்கே தெளிவாகவே எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் வாங்கிய அன்று அவளே ஒன்றைத் தயார்செய்து டிராயரில் போட்டிருந்தாள்.

செருகினாள். திரையில் கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னல் திறந்தது. பென்டிரைவோடு அன்றே அச்சடித்து வைத்திருந்த உதவிப் பக்கத்தைப் பார்த்து, அதில் போட்டிருந்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி அடித்து, பிஸ்மி சொல்லி எண்டரைத் தட்டினாள். கோப்புகள் உருவாகிவிட்டன என்றது திரை. அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் சமர்த்தாகக் கிளம்பியது.

நாலு நாற்பதுக்கு ரசீது பிரின்டரிலிருந்து வெளியே வந்தது. பூமிநாதன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பெரிய இன்ஜினியரு தாயி நீயி!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

நூர் நிஷா தலையை நிமிர்த்திக்கொண்டு போனை எடுத்தாள். "பாத்தீங்களா மச்சான்?"

திரையில் மச்சான் இல்லை. அவன்கூட வேலை பார்க்கும் சஃபீர், கையில் பேனாவும் காகிதமுமாக இருந்தான்.

"ராத்தா, கடைசியா அடிச்சீங்களே ஒரு வரி, அதை இன்னொருக்கா மெதுவாச் சொல்லுங்க. இங்கன எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரும் காலையில இருந்து நீலமாத்தான் நிக்குது. எதையும் முதல்ல உங்க கம்ப்யூட்டர்ல செஞ்சு பாத்துட்டுத்தான் இதுல கை வைப்பேன்னு காஜா அண்ணன் உக்காந்துருந்தாரு!"