லேப்டாப்பை எருமையாக்கியவர்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியே தீருவது என்று, வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் வரைபடக்காரர் முடிவு கட்டினார். வீட்டில் இருந்த லேப்டாப்புக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. நன்றாக ஓடுகிற பொருளை மாற்ற மனைவி சம்மதிக்க மாட்டாள். மாலையில் அவளும் அதில்தான் ஆன்லைன் கம்ப்யூட்டர் வகுப்பு படிப்பாள்.

அவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியதும், லினக்ஸில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தார். புராசஸர் மின்சேமிப்புக்குப் போனது; அடிமட்ட வேகத்தைத் தாண்டக் கூடாது என்று கடிவாளமும் விழுந்தது. வீட்டு பிளானைத் திறந்தால் முதலில் வாசல் வந்தது. சமையலறை வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கமே போடலாம்.

மாலையில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பார்த்தியா, எருமை மாதிரி அசையுது."

"ஐயோ பாவம். இதோடயா மல்லுக்கட்டுறீங்க?"

"அதுக்கு வயசாயிடுச்சும்மா."

"சரி, அது திறக்கிற வரைக்கும் சும்மாதானே இருக்கீங்க? இந்த வெங்காயத்தை உரிச்சுடுங்க."

உரித்தார். கண்ணீரும் சேர்ந்து வந்ததால் சோகம் தத்ரூபமாக அமைந்தது.

மறுநாள் பிளான் திறப்பதற்குள் துணி மடித்தார். அடுத்த நாள் குளியலறை கழுவினார். அப்புறம் ஜன்னல்கள், பரண், மின்விசிறி. "அவசரமே இல்லைங்க, மெதுவா திறக்கட்டும்" என்று அவள் பரிவாகச் சொன்னாள். புதுசு வாங்கும் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆசையை மூட்டை கட்டிவிட்டு, பழைய வேகத்தையே திருப்பி வைத்தார். மறுநாள் காலையில் மறுபடியும் எருமை. மறுபடி சரிசெய்தார். அடுத்த காலையும் எருமைதான். மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வாயேன். இது நிஜமாவே மெதுவா போகுது."

"நிஜமாவேன்னா? அப்போ இத்தனை நாளா?"

வரைபடக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

அவள் சுடுதண்ணீர்ப் பையை அவர் இடுப்புக்கு அணைவாக வைத்துவிட்டு, கறுப்புத் திரையைத் திறந்து மேல் அம்புக்குறியைத் தட்டினாள். கடைசியாக அடித்த வரி தானாக வந்து நின்றது.

"முதல் நாள் வகுப்புல வாத்தியார் திக்கித் திக்கிப் பேசினப்பவே இதைப் பார்த்துட்டேங்க. என் வகுப்புக்கு வேகமா வெச்சுக்குவேன். முடிஞ்சதும் மெதுவா மாத்திடுவேன்."

"ஏம்மா மாத்துற?"

"நீங்க ஆசைப்பட்டு வெச்சது. அதை நான் ஏங்க கெடுக்கணும்?"