கேட்டவனுக்குப் போன ஏணி

ஏணியின் ஒரு முனை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. மறுமுனையைப் பெயின்டர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க அத்தான். கேக்கிறவனுக்குக் கொடுன்னு இயேசு சொன்னாரா இல்லையா?" என்றான் மச்சான்.

"சொன்னாரு."

"மனசு தாராளமா இருக்கணும்னுதான் அதுக்கு அர்த்தம்னு நேத்து நான் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

பெயின்டர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டிருந்தது. இயேசு நல்ல மனுஷர், நாலு நல்லது சொன்னவர், அவ்வளவுதான் என்று மச்சான் வாயைத் திறந்ததுமே இவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "அவர் கடவுள்டா! கடவுள் பேசினதுக்கு அர்த்தம் சொல்ல நீ யாரு? எழுத்துல எப்படி இருக்கோ அப்படியே எடுத்துக்கணும். ஒரு புள்ளி மாறக் கூடாது!" என்று மேசையில் குத்தியதில் டீ டம்ளர் கவிழ்ந்தது. அவர் மனைவி வந்து துடைத்துவிட்டுப் போனாள்.

இப்போது ஒரு புள்ளி மாறாமல் ஏணி போய்க்கொண்டிருந்தது.

மச்சான் வயரிங் வேலை பார்க்கிறவன். அவனிடமே ஏணி இருக்கிறது. இன்னொன்று எதற்கு என்று கேட்டிருக்கலாம். ஆனால், 'காரணம் கேட்டுவிட்டுக் கொடு' என்று எழுதியிருக்கவில்லையே!

அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் பெயின்டருக்கு மறுநாள் வேலை ஞாபகம் வந்தது. விடிந்தால் தேவாலயத்துக் கூரைமேல் நிற்கும் சிலுவைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். அதை எட்டுகிற ஏணி அந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். போதகரை நச்சரித்து நச்சரித்து வாங்கிய வேலை. "இந்த வயசுல உயரம் வேணாமே, அடிக்கடி விழுறீங்களாமே" என்றவரிடம், "யார் சொன்னது? நான் விழுந்ததே இல்லை. ஒண்ணு ரெண்டு தடவை வேகமா இறங்கியிருக்கேன்" என்று சாதித்திருந்தார். கடைசியாக வேகமாக இறங்கியதில் இடுப்பு இன்னும் வலித்தது.

மச்சான் வீட்டுக்கு ஓடினார். "ஏணியைக் கொடுடா."

"திரும்பக் கேக்காதேன்னும் எழுதியிருக்கே அத்தான்."

பெயின்டர் தாடையைச் சொறிந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "சரி, திரும்பக் கேக்கலை. புதுசா கேக்கிறேன். எனக்கு ஒரு ஏணி வேணும். கேக்கிறவனுக்குக் கொடு!"

"எழுத்துப்படி நடக்கிறது நீங்கதானே? நான் அர்த்தம் பார்க்கிற ஆளு. என் மனசு தாராளமாத்தான் இருக்கு. ஏணியைத்தான் தர முடியாது." அவன் கண் பெயின்டரின் தோளில் தொங்கிய ஏணிக் கயிற்றுக்குப் போனது. "ஆமா, சட்டையைக் கேட்டவனுக்கு மேலங்கியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்குல்ல? அந்தக் கயிறையும் வெச்சிட்டுப் போங்க."

கயிறும் போயிற்று.

பெயின்டர் நேராகப் போதகரிடம் போய் நின்றார். போதகர் சிரித்துவிட்டார். "அதோட கருத்தைப் பார்க்கணும்ங்க. உங்க ஏணியை நீங்க கேக்கிறதுல தப்பே இல்லை. போய் வாங்கிக்கோங்க."

இடுப்பு வலியை மறந்து திரும்ப ஓடினார். "கருத்தைப் பார்க்கலாமாம்டா! போதகரே சொல்லிட்டாரு!"

"அப்படியா? தாராளமா எடுத்துக்கோங்க" என்றான் மச்சான். "ஆனா இங்க கருத்துன்னா, தேவகுமாரன்னு எழுதியிருக்கிற இடத்துலயும் கருத்துதான். அவரும் நம்மளை மாதிரி மனுஷர்தான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நானே தூக்கிட்டு வந்து வீட்டுல போடுறேன்."

ஏணி கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. பெயின்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரனை அவர் நம்பியதில்லை. டாக்டரை நம்பியதில்லை. சீல் வைத்த பெயின்ட் டப்பாவைக்கூடக் குச்சி விட்டுக் கலக்கிப் பார்க்காமல் நம்பியதில்லை. பிறந்ததிலிருந்து நம்பியது ஒரே ஒருவரை. அவரைப் போய் ஏணிக்கு விற்பதா?

"நீயே வெச்சுக்கோடா. சிலுவைக்கு வேற ஆள் அடிக்கட்டும். அவர் கடவுள்தான்."

மச்சான் ஒரு பெருமூச்சு விட்டான். தோற்றவன் விடுகிற மூச்சு மாதிரி அது இல்லை. அது என்ன மூச்சு என்று யோசிக்கிற நிலையில் பெயின்டர் இல்லை.

போகிற வழியில் போதகரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வீடு வந்து குப்புறப் படுத்தார். மனைவி இடுப்பில் தைலம் தேய்த்தாள்.

"போச்சு. சிலுவை வேலையைச் சாரம் கட்டி அடிக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டாரு. எனக்கு வாசல் கதவு மட்டும்தானாம். தரையில நின்னே அடிக்கலாமாம். போகட்டும். உன் தம்பிகிட்ட நான் விட்டுக்கொடுக்கலை. அவர் கடவுள்தான்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டேன்."

"கடவுள்தாங்க, அதுல என்ன சந்தேகம்?" என்றாள் அவள், தைலத்தை நிதானமாக மூடியபடி. "நீங்க வேகமா இறங்கின நாள்லேர்ந்து, இந்த ஏணி வீட்டை விட்டுத் தொலையணும்னு தினமும் அவர்கிட்டதான் முட்டி போட்டுக் கேட்டுட்டிருந்தேன், கொஞ்சம் தாமதமாகுதேன்னு தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன்."